ஸ்டியரிங் யார் கையில்?

குட்டீஸ், முதலில் ஒரு புதிர்!

அமெரிக்காவில் பீனிக்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. 2020 அக்டோபரில் அங்கே டிரைவரே இல்லாத டாக்ஸி பொதுமக்களுக்காக ஓட ஆரம்பித்தது. போனில் கூப்பிட்டால் கார் வந்து நிற்கும். கதவைத் திறந்து பார்த்தால் முன்சீட் காலி! நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். சிவப்பு விளக்கு எரிந்தால் கார் தானாக நிற்கும்.

இன்னொரு பக்கம், இன்றிலிருந்து சுமார் 3,600 ஆண்டுகள் கழித்து நடக்கும் ஒரு கதை. அதில் மனிதர்கள் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பறக்கிறார்கள். ஆனால் விண்கலத்தை ஓட்ட ஒரு பைலட் வேண்டும். வழி சொல்ல இன்னொருவர், இன்ஜினைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் என்று ஒரு கூட்டமே வேண்டும்!

இன்றைய டாக்ஸிக்கே டிரைவர் வேண்டாம் என்றால், 3,600 ஆண்டு கழித்து வரப்போகும் விண்கலத்துக்கு எதற்கு பைலட்?

இதுதான் புதிர். விடை தேடிப் போவோமா? வழியில் ஒரு விளையாட்டும் காத்திருக்கிறது.

நீ டாக்டர், நான் பேஷன்ட்!

அந்த விண்கலம் வருவது சினிமாவில் அல்ல, ஒரு விளையாட்டில். அதன் பெயர் 'டிராவலர்'. பயணி என்று அர்த்தம்.

சின்ன வயதில் 'நீ டாக்டர், நான் பேஷன்ட்' என்று விளையாடி இருப்பீர்கள். திருடன் - போலீஸ் ஆடி இருப்பீர்கள். அதேபோல வேடம் ஏற்று ஆடும் விளையாட்டுதான் இதுவும். நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்.

"உங்கள் விண்கலத்தின் முன்னால் பெரிய பாறை ஒன்று வருகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். "கலத்தை இடது பக்கம் திருப்புகிறேன்" என்பார் பைலட்டாக ஆடுபவர். திருப்ப முடிந்ததா, இல்லையா? அதை பகடை சொல்லும். பகடையில் நல்ல எண் விழுந்தால் தப்பித்தார்கள். இல்லாவிட்டால் 'டமால்'!

இந்த வகை விளையாட்டு புத்தகமாக அச்சாகிக் கடைக்கு வந்தது 1974-ல். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அது. அதில் வாள், மந்திரம், டிராகன் எல்லாம் உண்டு. மூன்று ஆண்டுகள் கழித்து, 1977-ல் மார்க் மில்லர் என்பவர் விண்வெளியில் நடக்கும்படி எழுதியதுதான் 'டிராவலர்'. கறுப்பு அட்டை போட்ட மூன்று சின்னப் புத்தகங்கள், இரண்டு பகடைகள், பென்சில், பேப்பர். இவ்வளவு இருந்தால் போதும், விண்வெளிக்குப் போய் வந்துவிடலாம்!

விண்கலத்தில் என்ன வேலை? என்ன சம்பளம்?

டிராவலர் விண்கலத்தில் யார் யார் இருப்பார்கள் தெரியுமா? கலத்தை ஓட்ட பைலட். வழி கணக்கிட நேவிகேட்டர். இன்ஜினைக் கவனிக்க இன்ஜினியர். பயணிகளுக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்ள ஸ்டூவர்ட். வைத்தியம் பார்க்க மெடிக். பீரங்கியைக் கையாள கன்னர்.

சம்பளம்கூட புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்த உலகத்தின் பணம் 'கிரெடிட்'. மாதச் சம்பளம் பைலட்டுக்கு 6,000 கிரெடிட், நேவிகேட்டருக்கு 5,000, இன்ஜினியருக்கு 4,000, ஸ்டூவர்ட்டுக்கு 3,000, மெடிக்குக்கு 2,000, கன்னருக்கு 1,000. டாக்டரைவிடச் சாப்பாடு கொடுப்பவருக்கு அதிகச் சம்பளம்! வேடிக்கையாக இல்லை?

ஒரு நட்சத்திரத்தில் இருந்து இன்னொரு நட்சத்திரத்துக்குத் தாவ ஒரு வாரம் ஆகும். ரேடியோவில் பேசலாமே என்று நினைக்காதீர்கள். அந்தக் கதை உலகத்தில் விண்கலத்தைவிட வேகமாகச் செய்தி அனுப்பும் வழியே கிடையாது. கடிதமும் செய்தியும் கலத்தில்தான் போக வேண்டும். பாய்மரக் கப்பல் காலத்தில் இருந்தது போலவே! அதனால் நடுவழியில் சிக்கல் வந்தால், "என்ன செய்யட்டும்?" என்று யாரிடமும் கேட்க முடியாது. கலத்தில் இருப்பவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு டன் கம்ப்யூட்டர்!

'கலத்தில் கம்ப்யூட்டர் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. இருப்பதிலேயே சின்ன மாடல் ஒரு டன் இடத்தை அடைத்துக்கொள்ளும்! ஒரே நேரத்தில் இரண்டு சின்ன புரோகிராம்களை ஓட்டும். இன்னும் நான்கை நினைவில் வைத்துக்கொள்ளும். சண்டை வந்தால் 'எதை எடுக்க, எதை ஏற்ற' என்று ஆடுபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

சிரிக்காதீர்கள் குட்டீஸ்! அந்தப் புத்தகம் வந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். அதே 1977-ல்தான் 'ஆப்பிள் 2' என்ற வீட்டுக் கம்ப்யூட்டரும் விற்பனைக்கு வந்தது. விலை குறைந்த மாடலில் இருந்த நினைவகம் 4 கிலோபைட். ஆங்கிலத்தில் சுமார் 4,000 எழுத்துகளைத்தான் அதில் வைக்க முடியும். அதுவே அன்று பெரிய அதிசயம். அந்தக் காலத்தில் இருந்துகொண்டு எதிர்காலத்தைக் கற்பனை செய்தவருக்கு, எல்லாவற்றையும் தானே செய்யும் குட்டிக் கம்ப்யூட்டர் தோன்றாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் புதிரின் முழு விடை இது அல்ல. பிறகு வந்த விளையாட்டுகளிலும் மனிதர்கள் ஸ்டியரிங்கை விடவே இல்லையே! ஏன்?

ஒரு நிமிடம் யோசியுங்கள். கதைசொல்லி, "பாறை வருகிறது" என்கிறார். "கம்ப்யூட்டர் தானாகவே திருப்பிவிட்டது" என்கிறீர்கள் நீங்கள். "இன்ஜின் கெட்டுவிட்டது" என்கிறார். "ரோபோ சரிசெய்துவிட்டது." "கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள்." "இயந்திரமே விரட்டிவிட்டது." ஐந்தே நிமிடத்தில் எல்லோருக்கும் கொட்டாவி வந்துவிடும்!

அதனால் இப்படிப்பட்ட விளையாட்டை எழுதுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 'எல்லாவற்றையும் இயந்திரம் செய்தால், மனிதருக்கு மிச்சம் என்ன வேலை?' இந்தக் கேள்வியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மூன்று உலகம், மூன்று விடை

ஒவ்வொரு கதை உலகமும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு விதமாக விடை சொல்லியது.

'டியூன்' என்பது பிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் எழுதிய நாவல். 2021-ல் அதை வைத்து ஒரு வேட விளையாட்டும் வந்தது. அந்த உலகத்தில் 'யோசிக்கும் இயந்திரம்' செய்யவே கூடாது! பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இயந்திரங்களுக்கு எதிராகப் பெரிய போர் நடந்து, தடை போட்டுவிட்டார்கள். அதனால் கம்ப்யூட்டர் போலக் கணக்குப் போட 'மென்டட்' என்ற மனிதர்கள் பயிற்சி பெறுகிறார்கள். விண்கலத்துக்கு வழி காட்டுவதும் மனிதரில் இருந்து வந்த வழிகாட்டிகள்தான்.

'ஷேடோரன்' 1989-ல் வந்தது. கதை நடப்பது 2050-ம் ஆண்டு, அமெரிக்காவின் சியாட்டில் நகரில். இங்கே கார் தானாக ஓடும்! 'கிரிட்கைடு' என்ற ஏற்பாடு நகரத்துக் கார்களை எல்லாம் வழிநடத்துகிறது. ஏறி உட்கார்ந்து தூங்கலாம். ஆனால் ஒன்று: உங்கள் கார் எங்கே போகிறது என்பதும் அதற்குத் தெரிந்துவிடும்! கதை நாயகர்களோ ரகசிய வேலை செய்கிறவர்கள். அவர்கள் என்ன செய்வார்கள்? கிரிட்கைடை நிறுத்திவிட்டுத் தாங்களே ஓட்டுவார்கள். இதற்கென்றே 'ரிகர்' என்ற பாத்திரம் உண்டு. காரைத் தன் மூளையோடு இணைத்துக்கொள்பவர். கார்தான் அவருக்கு உடம்பு. சக்கரம் வழுக்கினால் கால் வழுக்குவது போல அவருக்குத் தெரியும்!

மூன்றாவது 'பாரநோயா'. 1984-ல் வந்தது. பூமிக்கு அடியில் ஒரு நகரம். ஒரே ஒரு கம்ப்யூட்டர் அந்த நகரம் முழுவதையும் ஆட்சி செய்கிறது. கம்ப்யூட்டர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "மகிழ்ச்சியாக இருக்கிறாயா?" என்று கேட்கும். "இல்லை" என்றால் தேசத் துரோகம்! ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கே புத்தி கலங்கிப்போய் இருக்கிறது. இல்லாத எதிரிகளைத் தேடச் சொல்லி உத்தரவு போடும். விழுந்து விழுந்து சிரிக்க வைக்கும் விளையாட்டு. இயந்திரம் தப்பான உத்தரவு போட்டால், 'இது தப்பு' என்று சொல்ல யாராவது இருக்க வேண்டாமா என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்திருக்கிறது.

ஒரு உலகத்தில் இயந்திரத்துக்குத் தடை. ஒரு உலகத்தில் வேண்டும்போது இயந்திரம், வேண்டாதபோது மனிதர். ஒரு உலகத்தில் எல்லாமே இயந்திரம். கதையில் இப்படி. சரி, நிஜத்தில் என்ன நடந்தது?

பம்பரம் ஓட்டிய விமானம்

நிஜத்தில் முதலில் தானாக ஓடக் கற்றுக்கொண்டது கார் அல்ல, விமானம்!

1914 ஜூன் 18. பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் அருகே சென் நதிக்கரையில் கூட்டம் கூடியிருந்தது. விமானப் பாதுகாப்புக்கான போட்டி. லாரன்ஸ் ஸ்பெரி என்ற 21 வயது அமெரிக்க இளைஞர் தன் விமானத்தில் பறந்து வந்தார். கூட்டத்துக்கு நேர் மேலே வந்ததும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் இல்லை; விமானமோ நேராகவே போனது! அடுத்த முறை, கூட வந்த மெக்கானிக் இறக்கையின் மேல் நடந்து போனார். ஒரு பக்கம் எடை கூடியும் விமானம் சாயவில்லை. கூட்டம் அசந்துவிட்டது. முதல் பரிசு அவருக்குத்தான்.

ரகசியம் என்ன தெரியுமா? பம்பரம்தான்! வேகமாகச் சுற்றும் பம்பரம் லேசில் சாயாது அல்லவா? அதேபோல வேகமாகச் சுற்றும் சக்கரத்துக்கு 'கைரோஸ்கோப்' என்று பெயர். விமானம் சாய்ந்தாலும் கைரோஸ்கோப் சாயாமல் நிற்கும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, அந்த அளவுக்கு இறக்கையைத் திருப்பி விமானத்தை நேராக்கினால் போதும். இதுதான் ஆட்டோ பைலட்டின் பிள்ளையார் சுழி.

ஆனால் வானத்தில் மாடு குறுக்கே வராது. சைக்கிள் வராது. பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை ஓடி வராது. தண்டவாளத்தில் ஓடும் ரயிலுக்கும் அப்படித்தான். ஸ்டியரிங் திருப்பும் வேலையே இல்லை! 2020 டிசம்பரில் டெல்லி மெட்ரோவின் ஒரு பாதையில் டிரைவர் இல்லாத ரயில் ஓட ஆரம்பித்தது. சாலையில் ஓடும் காரின் கதையே வேறு.

12 கிலோமீட்டரைத் தாண்டாத பந்தயம்

2004 மார்ச் 13. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனம். அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான 'தர்பா' ஒரு பந்தயம் வைத்தது. சுமார் 228 கிலோமீட்டர் பாதை. வண்டிக்குள் மனிதர் இருக்கக் கூடாது. தூரத்தில் இருந்து ரிமோட்டில் ஓட்டவும் கூடாது. ஜெயித்தால் 10 லட்சம் டாலர் பரிசு!

15 வண்டிகள் வரிசையில் நின்றன. என்ன ஆயிற்று? ஒன்று சுவரில் மோதியது. ஒன்று கவிழ்ந்தது. எல்லாவற்றையும்விட அதிக தூரம் போன வண்டிகூட 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பரிசை வாங்க ஆளே இல்லை!

விட்டார்களா? 2005 அக்டோபரில் மறுபடி பந்தயம். இந்த முறை பரிசு 20 லட்சம் டாலர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' என்ற கார் 212 கிலோமீட்டரை 7 மணி நேரத்துக்குள் கடந்து ஜெயித்தது. மொத்தம் 5 வண்டிகள் முழு தூரமும் ஓடி முடித்தன.

ஒன்றரை ஆண்டில் இவ்வளவு முன்னேற்றம் எப்படி வந்தது? ஸ்டான்லியின் தந்திரம் ஒன்றைக் கேளுங்கள். அதன் தலையில் லேசர் கருவிகள் இருந்தன. பக்கத்தில் உள்ள பாதை மேடா, பள்ளமா என்று அவை துல்லியமாகச் சொல்லும். ஆனால் தூரத்தில் உள்ளதை அவற்றால் பார்க்க முடியாது. கேமராவால் தூரம் வரை பார்க்க முடியும். ஆனால் எது பாதை என்று அதற்குத் தெரியாது. அதனால் பக்கத்தில் 'இது நல்ல பாதை' என்று லேசர் சொன்ன இடத்தின் நிறத்தைக் கேமரா பார்த்துவைத்துக்கொள்ளும். தூரத்தில் அதே நிறம் தெரிந்தால் 'அதுவும் பாதைதான்' என்று முடிவு செய்யும். ஓடிக்கொண்டே படித்த கார்!

கண் விழித்தே தூங்கும் காவலர்

இப்போது, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன கேள்விக்கு வருவோம். இயந்திரம் ஓட்டுகிறது. மனிதருக்கு மிச்சம் என்ன வேலை?

"சும்மா பார்த்துக்கொண்டு இருக்கட்டும். இயந்திரம் தப்பு செய்தால் உடனே பிடித்துவிடலாம்" என்று தோன்றும். சுலபமான வேலை போலத் தெரிகிறது, இல்லையா? உண்மையில் மனிதர்களால் சரியாகச் செய்ய முடியாத வேலை அது!

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரேடார் வீரர்கள் மணிக்கணக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நேரம் ஆக ஆக, திரையில் தெரிந்ததைக்கூடத் தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க நார்மன் மேக்வொர்த் என்ற விஞ்ஞானி ஒரு கடிகாரம் செய்தார். அதில் எண்கள் இல்லை. ஒரே ஒரு முள். ஒவ்வொரு அடியாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு அடி தாவும். தாவும்போது பொத்தானை அழுத்த வேண்டும். இவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். முதல் அரைமணி நேரத்திலேயே பலர் தாவலைத் தவறவிட ஆரம்பித்தார்கள். இந்த ஆய்வு 1948-ல் வெளிவந்தது. அவர்கள் சோம்பேறிகள் அல்ல. மனித மூளை அப்படித்தான்!

1983-ல் லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டன் உளவியல் அறிஞர் இன்னொன்றையும் எடுத்துச் சொன்னார். சுலபமான வேலையை எல்லாம் இயந்திரம் செய்கிறது. இயந்திரத்தால் முடியாத கஷ்டமான நேரத்தில் மட்டும் மனிதரைக் கூப்பிடுகிறது. ஆனால் பல நாள் ஓட்டாமல் இருந்தவருக்குப் பழக்கமே விட்டுப்போயிருக்கும்! பரீட்சைக்கு முன் ஒரு கணக்குகூடப் போட்டுப் பார்க்காதவர், இருப்பதிலேயே கஷ்டமான கணக்கை எப்படிப் போடுவார்?

இது விளையாட்டுப் பேச்சு அல்ல. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் தானாக ஓடும் கார் ஒன்றைச் சோதித்துக்கொண்டு இருந்தார்கள். கவனிப்பதற்காக டிரைவர் சீட்டில் ஒருவர் இருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்தார். மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்பே காரின் கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் அது வண்டியா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று கம்ப்யூட்டர் மாற்றி மாற்றி முடிவு செய்தது. சாலையின் நடுவில், கடக்கும் இடம் இல்லாத இடத்தில் ஒரு மனிதர் வரக்கூடும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. கவனிக்க வேண்டியவர் தன் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தப் பெண் இறந்துபோனார்.

விளையாட்டில் 'மனிதருக்கு மிச்சம் என்ன வேலை?' என்ற கேள்விக்குத் தப்பான விடை சொன்னால் கொட்டாவி வரும். சாலையில் தப்பான விடை சொன்னால் ஒரு உயிர் போய்விடும்.

பூஜ்யம் முதல் ஐந்து வரை

தானாக ஓடும் கார்களை என்ஜினியர்கள் ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 0: எல்லாம் மனிதரே. இயந்திரம் எச்சரிக்கை மட்டும் கொடுக்கலாம்.

படி 1: வேகம் அல்லது ஸ்டியரிங், ஏதாவது ஒன்றில் இயந்திரம் உதவும்.

படி 2: வேகம், ஸ்டியரிங் இரண்டையும் இயந்திரம் பார்க்கும். ஆனால் மனிதர் கண்ணை எடுக்காமல் கவனிக்க வேண்டும்.

படி 3: சில சமயம் இயந்திரமே ஓட்டும். கூப்பிட்டால் மனிதர் உடனே வர வேண்டும்.

படி 4: குறிப்பிட்ட இடத்துக்குள் முழுவதும் இயந்திரம்தான். மனிதர் தூங்கலாம்.

படி 5: எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் இயந்திரம்.

பீனிக்ஸ் நகர டாக்ஸி 4-ம் படி. மேக்வொர்த் கடிகாரத்தை நினைத்துக்கொண்டு இந்தப் படிகளை மறுபடி பாருங்கள். மனிதரின் கவனத்துக்குச் சோதனை வருவது 2, 3-ம் படிகளில்தான். பாதி நீ, பாதி நான் என்கிற இடம் அது! இன்னொரு செய்தி: அந்த டாக்ஸிகளும் குழப்பமான இடத்தில், தூரத்து அலுவலகத்தில் இருக்கும் மனிதர்களிடம் "இங்கே எப்படிப் போவது?" என்று யோசனை கேட்கும்.

நீங்களே ஆடிப் பாருங்கள்!

சொன்னபடி விளையாட்டுக்கு வந்துவிட்டோம்! இரண்டு பகடை, பேப்பர், பென்சில் போதும். லூடோவில் உள்ள பகடையே சரி. ஆட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கதைசொல்லி, இன்னொருவர் டிரைவர். அதிகம் பேர் இருந்தால் டிரைவர் பக்கம் சேர்ந்து யோசியுங்கள்.

கதை: செவ்வாய் கிரகத்தில் ஒரு பஸ். ஒரு முகாமில் இருந்து இன்னொரு முகாமுக்கு மருந்து கொண்டு போகிறது. வண்டியில் 5 பேட்டரி.

1. கதைசொல்லி 10 சீட்டு எழுத வேண்டும். 7 சீட்டில் வழக்கமான தடை: பள்ளம், பாறை, மணல்மேடு போல. 3 சீட்டில் யாரும் எதிர்பார்க்காத 'புதுசு' ஒன்று. சீட்டுகளைக் குலுக்கிக் கவிழ்த்து வையுங்கள்.

2. ஒவ்வொரு சீட்டையும் எடுப்பதற்கு முன், "ஓட்டுவது நானா, இயந்திரமா?" என்று டிரைவர் சொல்லிவிட வேண்டும்.

3. இரண்டு பகடையையும் உருட்டிக் கூட்டுங்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தப்பித்தீர்கள். இயந்திரம் ஓட்டினால் கூட்டுத்தொகையோடு 3 சேர்த்துக்கொள்ளலாம். மனிதர் ஓட்டினால் 1 சேர்க்கலாம்.

4. 'புதுசு' வந்தால் இயந்திரத்தால் முடியாது! யார் ஓட்டிக்கொண்டு இருந்தாலும் மனிதர்தான் உருட்ட வேண்டும். உருட்டும் முன், என்ன செய்யப் போகிறோம் என்று கதையாகச் சொல்ல வேண்டும்.

5. முக்கியமான விதி: அதற்கு முந்தைய இரண்டு முறையும் இயந்திரமே ஓட்டியிருந்தால், மனிதருக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அவர் 1 சேர்ப்பதற்குப் பதில் 1 கழிக்க வேண்டும். ஒருமுறை உருட்டிவிட்டால் பழக்கம் திரும்பிவிடும்.

6. தோற்றால் ஒரு பேட்டரி போச்சு. 10 சீட்டும் முடியும்போது ஒரு பேட்டரியாவது மிச்சம் இருந்தால் மருந்து போய்ச் சேர்ந்தது!

கொஞ்சம் கணக்கு. இரண்டு பகடையை உருட்டினால் 36 விதமாக விழலாம். அதில் இயந்திரம் ஜெயிப்பது 30 முறை. பழக்கம் உள்ள மனிதர் ஜெயிப்பது 21 முறை. பழக்கம் விட்டுப்போன மனிதர் ஜெயிப்பது 10 முறைதான்! எப்போதும் இயந்திரத்திடமே விடலாமா? எப்போதும் நீங்களே ஓட்டலாமா? மாற்றி மாற்றி ஓட்டலாமா? ஒவ்வொரு விதமாகவும் ஆடிப் பார்த்து, எத்தனை பேட்டரி மிச்சம் என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. 'புதுசு' சீட்டில் ஒன்றை இப்படி எழுதுங்கள்: "வழியில் வேறொரு வண்டி கவிழ்ந்து கிடக்கிறது. உதவிக்கு நின்றால் ஒரு பேட்டரி செலவாகும். நிற்காவிட்டால் மருந்து சீக்கிரம் போய்ச் சேரும்." இதற்கு மட்டும் பகடை வேண்டாம். என்ன செய்வீர்கள், ஏன் என்று டிரைவர் சொன்னால் போதும்.

புதிருக்கு விடை

3,600 ஆண்டு கழித்து வரும் விண்கலத்துக்கு எதற்கு பைலட்? விடை இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஸ்டியரிங் திருப்ப மட்டும் என்றால் பைலட் தேவை இல்லை. அந்த வேலையை இயந்திரம் நன்றாகவே செய்யும்; களைத்துப்போகாமல் செய்யும். எங்கே போவது, எப்போது நிற்பது, கவிழ்ந்து கிடக்கும் வண்டிக்காக நிற்கலாமா என்பதை எல்லாம் யாராவது யோசித்து முடிவெடுக்க வேண்டும். தப்பாகிவிட்டால் "நான்தான் செய்தேன்" என்று சொல்லவும் ஒருவர் வேண்டும். கதையில் அந்த ஒருவர்தான் நாயகன், நாயகி.

நீங்கள் வளர்ந்து பெரியவர்களாகும்போது தானாக ஓடும் வண்டிகளை இன்றைவிட அதிகமாகப் பார்ப்பீர்கள். உங்களில் சிலர் அவற்றைச் செய்யும் என்ஜினியராகவும் ஆவீர்கள். அப்போது, 'இந்த இயந்திரம் எவ்வளவு வேலை செய்யும்?' என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 'மிச்ச வேலை யாருடையது? அதை அவரால் செய்ய முடியுமா?' என்றும் கேளுங்கள்.

சரி குட்டீஸ், பகடையை எடுங்கள். செவ்வாய் கிரகத்தில் மருந்துக்குக் காத்திருக்கிறார்கள்!